நல்ல மனசு போதாதா?

அன்புள்ள ஐயா,

எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். அனாட்டமி, பிசியாலஜி என்று மூச்சுவிட நேரமில்லை. இதற்கு நடுவில் ஏட்காம் என்ற பெயரில் நெறிமுறை வகுப்பும் வைக்கிறார்கள். 2019-ல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து இது கட்டாயமாம். நல்லது கெட்டதை வீட்டிலேயே சொல்லித்தந்துதான் வளர்த்திருக்கிறார்கள். நல்ல மனசு இருந்தால் போதாதா? அதற்கு ஒரு வகுப்பு எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நல்ல மனசு கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதாது என்பது என் அப்பா போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவருக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் டாக்டரைத் தனியாகப் பார்த்து, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டார்" என்றேன். அவரும் சரி என்றார். வயிற்றில் புண் என்று அப்பாவிடம் சொன்னோம். எட்டு மாதம் வீடே அந்தப் பொய்யைக் காத்தது. அவர் இறந்த பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தால், உள்ளே நான்காக மடித்த ஒரு துண்டுச்சீட்டு. டிரிப்ஸ் பாட்டிலில் இருந்த மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிவைத்திருந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. அதை யாரிடம் காட்டிக் கேட்டாரோ! எங்களிடம் கேட்கவில்லை. நாங்கள் தாங்கமாட்டோம் என்று நினைத்திருப்பார்.

இதில் கெட்டவர் யாருமில்லை. நான் பாசத்தில் கேட்டேன், டாக்டர் இரக்கப்பட்டுச் சம்மதித்தார். இது யாருடைய உடம்பு, முதலில் யாருக்குத் தெரியவேண்டிய செய்தி என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவே இல்லை.

2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு டெல்லி வழக்கைத் தேடிப் படியுங்கள். 44 வயதான, திருமணமாகாத பெண். ரத்தப்போக்குக்காகப் போனவர், வயிற்றுக்குள் சிறு குழாய் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்குத்தான் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவைக் கேட்டாயிற்றே என்றுதான் நம் வீடுகளில் யாருக்கும் தோன்றும். டாக்டர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தவறு என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். வயதுவந்த மகளுக்காகத் தாய் சம்மதம் கொடுக்க முடியாது. இழப்பீடு 25,000 ரூபாய். இழந்ததற்கு அது மிகக் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

இந்த வழக்கை உங்கள் வகுப்பில் வைத்துப் பேசிப்பாருங்கள். பாதிப் பேர் அந்த டாக்டர் பக்கம்தான் நிற்பார்கள். நீங்களும் நிற்கலாம். எதிரே இருப்பவர் ஏன் மறுக்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்கும் அந்த அரைமணி நேரம் அனாட்டமி புத்தகத்தில் கிடைக்காது.

அப்புறம், எல்லா நோயாளியிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. டெஸ்டுக்கு எழுதிக்கொடுக்கும்போதே கேட்டுவிடலாம்: "ரிப்போர்ட் வந்ததும் உங்ககிட்டயே பேசட்டுமா, இல்ல பையன்கிட்ட சொன்னா போதுமா?" அப்பா, "பையன்கிட்டயே சொல்லிடுங்க" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவரைக் கேட்டிருக்க வேண்டும்.