எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் போடுவது?

கேள்வி: என் மகளுக்கு ஏ நிலைத் தேர்வு (சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதுவது) முடிவு வந்துவிட்டது. எச்2 (முழுப் பாடம்) நிலையில் உயிரியல், வேதியியலில் பி, கணிதத்தில் சி; பொதுத்தாளில் பி, எச்1 (அரைப் பாடம்) பொருளியலில் சி, தமிழில் ஏ. எஸ்ஐடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம்) பிசியோதெரபி படிக்க வேண்டும் என்கிறாள். என் கணவரும் அவருடைய அண்ணனும், "என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இரண்டில் எது கிடைத்தாலும் சரி, என்ன படிப்பு என்பதை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். விண்ணப்பம் முடியச் சில நாள்தான் இருக்கிறது. எதை முதலில் போடுவது? – ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டில் நடப்பது எஸ்ஐடியா என்யுஎஸ்ஸா என்ற சண்டை மாதிரி தெரிகிறது. அது அப்படியில்லை. பிசியோதெரபி இளநிலைப் பட்டம் உள்ளூரில் எஸ்ஐடியில் மட்டும்தான் இருக்கிறது. என்யுஎஸ்ஸில் "ஏதாவது ஒன்று" எடுத்தால் அவள் விட்டுக்கொடுப்பது ஒரு கல்லூரியை அல்ல, அந்தத் தொழிலையே. உங்கள் கணவரின் அண்ணனுக்கு இதை முதலில் சொல்லுங்கள். முன்பு இந்தப் படிப்பு நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமாவாக இருந்தது. அவர் மனத்தில் இன்னும் அந்தக் காலமே இருக்கலாம். எஸ்ஐடி 2014 முதல் தன்னாட்சிப் பல்கலைக்கழகம்.

அதற்காக மற்ற இடங்களை விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விண்ணப்பத்தைத் தனியாகத்தான் பார்க்கிறது. மூன்று நான்கு இடங்களில் போட்டாலும் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. இடம் கிடைத்தவற்றுள் ஒன்றை மே மாத வாக்கில் ஏற்றுக்கொண்டால் போதும். ஆனால் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வரிசை முக்கியம். நீங்கள் எழுதிய வரிசைப்படி பார்த்து, தகுதி பெறும் முதல் படிப்பைத்தான் தருவார்கள். அதனால் மனத்துக்குப் பிடித்ததுதான் மேலே இருக்க வேண்டும், "இது நிச்சயம் கிடைக்கும்" என்பது அல்ல. கடைசி வரியில் எழுதும் படிப்பு மட்டுமே கிடைத்தாலும் போவாளா என்று அவளிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் அந்த வரியைக் காலியாக விடுங்கள். இத்தனை இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிரப்பி, பிடிக்காத படிப்பில் போய் மாட்டிக்கொண்டவர்களின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது.

இப்போது மதிப்பெண். 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70 புள்ளி. மூன்று எச்2 பாடமும் பொதுத்தாளும்தான் அடிப்படை. உங்கள் மகளுக்கு உயிரியல், வேதியியலுக்குத் தலா 17.5, கணிதத்துக்கு 15, பொதுத்தாளுக்கு 8.75, கூட்டினால் 58.75. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேரும். பொருளியல் சி உயர்த்தாது, எனவே அதை மறந்துவிடலாம். தமிழ் ஏ-க்கு 10. சேர்த்தால் 80-க்கு 68.75, 70-க்கு மாற்றினால் 60-ஐத் தாண்டுகிறது. தமிழ் எதற்கு என்று வீட்டில் யாராவது முன்பு முணுமுணுத்திருந்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பல்கலைக்கழகமே இதைப் போட்டுக்கொள்ளும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

என்யுஎஸ், என்டியு இணையப் பக்கங்களில் ஒவ்வொரு படிப்புக்கும் ஏஏஏ/பி, பிபிபி/சி (மூன்று எச்2, ஒரு எச்1) என்று பட்டியல் இருக்கும். பெற்றோர் பலர் அதைத் தகுதிக் கோடாக நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். அதில் கீழே போட்டிருப்பது, போன ஆண்டு இடம் கிடைத்தவர்களில் கீழிருந்து பத்து விழுக்காட்டில் நின்றவரின் மதிப்பெண். அதற்கும் குறைவாக எடுத்து உள்ளே போனவர்களும் உண்டு. ஆகவே ஒரு படி மேலே இருக்கும் படிப்பையும் போடலாம். மூன்று படி மேலே இருந்தால், நேர்முகத்தில் காட்ட ஏதாவது இருந்தால் மட்டும் முயலட்டும்.

பிசியோதெரபிக்கு மதிப்பெண் மட்டும் போதாது; நேர்முகத்துக்கு அழைத்தால் "ஏன் இந்தத் துறை?" என்ற கேள்வி நிச்சயம் வரும். "மக்களுக்கு உதவ ஆசை" என்று எல்லோரும் சொல்வார்கள். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பக்கவாதத்துக்குப் பின் நடைப் பயிற்சி கொடுத்ததை அருகிலிருந்து பார்த்திருந்தால், அன்று சிகிச்சையாளர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அப்படி எதுவும் பார்க்கவில்லை என்றால், இந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் பேசட்டும். நாள் முழுக்க நோயாளியைத் தூக்கி நிறுத்தும் வேலை அது. கேட்டபின் ஆசை குறைந்தால், இப்போதே குறைவது நல்லது.

அப்பாவின் கவலையும் வீணானதல்ல. இதே எஸ்ஐடியில் தொழில்சார் சிகிச்சை, கதிர்ப்படப் பிரிவு (எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பது), என்யுஎஸ்ஸில் தாதிமை (நர்சிங்), உயிர் அறிவியல் என்று பக்கத்துப் படிப்புகள் இருக்கின்றன. பிசியோதெரபி தவறினால் எது என்பதை அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். அவருக்கு என்யுஎஸ் பெயர் வேண்டுமென்றால் தாதிமையை அங்கே முதலில் போடலாம், அவளுக்கும் அது பிடித்திருந்தால்.

விண்ணப்பத்தை அவளே தன் சிங்பாஸில் (அரசு இணைய அடையாளக் கணக்கு) திறந்து நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து கடைசித் தேதியையும், அனுப்பியபின் வரும் உறுதி மின்னஞ்சலையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.