ஊர்ல இங்கிலீஷ்ல 94 வாங்குன பையன் இங்க மாக்ல கிரேடு 3 வாங்கிட்டான், என்ன பண்றது?

லீட்ஸ்க்கு நர்ஸ் வேலையா வந்து எட்டு மாசம் ஆகுது, பையன் இயர் 10 (நம்ம ஊர் பத்தாவது வயசு), திருநெல்வேலில ஒன்பதாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம்தான், இப்ப ஜிசிஎஸ்இ (இங்க பதினாறு வயசுல எழுதற பொதுப் பரீட்சை) இங்கிலீஷ் லாங்வேஜ் மாக்ல, அதாவது ஸ்கூல்ல வைக்கிற மாதிரிப் பரீட்சைல, பேப்பர் 2-ல கிரேடு 3 (9 தான் உச்சம், 4 வந்தாதான் பாஸ் மாதிரி) வந்திருக்கு, கதை வர்ற பேப்பர் 1 கூட பரவால்ல ஆனா கட்டுரை, கடிதம்னு வர்ற அந்த பேப்பர்தான் புரியவே மாட்டேங்குதுக்கா, டியூஷன் போடணுமான்னு கேட்டிருந்தீங்க. நான் இங்க ரெடிங் ஊருக்கு வந்து பதினேழு வருஷம் ஆச்சுமா. என் பையனும் இதே பேப்பர்ல இதே மாதிரி விழுந்து எழுந்தவன்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல, உங்க பையனுக்கு இங்கிலீஷ் வராம இல்ல. நம்ம ஊர்ல காம்ப்ரிஹென்ஷன்னா என்ன, கேள்வில இருக்குற வார்த்தை பத்தில எந்த வரில இருக்குன்னு தேடி அந்த வரியை அப்படியே எழுதிட்டா ஃபுல் மார்க். நானும் அப்படித்தான் படிச்சேன். இங்க அந்தப் பழக்கம் முதல் கேள்வியோட முடிஞ்சிடும். அதுக்கப்புறம் வரியை எடுத்துக் காட்டுறது பாதி வேலைதான், அந்த வரில இருந்து நீ என்ன புரிஞ்சுக்கிட்டேங்கிறதுக்குத்தான் மார்க். இதை யாரும் அவனுக்கு உடைச்சு சொல்லியிருக்க மாட்டாங்க.

ஸ்கூல்ல எந்த போர்டு, அதாவது எந்த அமைப்பு நடத்துற பரீட்சைன்னு கேளுங்க. நிறைய ஸ்கூல் ஏக்யூஏ தான், நான் சொல்றதும் அதோட பேப்பர் 2 பத்திதான், எடெக்ஸெல், எடுகாஸ் மாதிரி வேற போர்டுன்னா கேள்வி அமைப்பு மாறும். மொத்தம் 1 மணி 45 நிமிஷம், 80 மார்க், அதுல 40 படிச்சு பதில் எழுதறதுக்கு, 40 தானா ஒரு கருத்தை எழுதறதுக்கு. படிக்கிறதுக்கு ரெண்டு உரைநடைப் பகுதி குடுப்பாங்க, ஒண்ணு 19-ஆம் நூற்றாண்டுல எழுதுனது, இன்னொண்ணு அதுக்கப்புறம் வந்தது, ரெண்டும் ஒரே விஷயத்தைப் பத்தி இருக்கும். அதுல இருந்து நாலு கேள்வி, வரிசையா 4, 8, 12, 16 மார்க்.

என் பையன் எங்க கோட்டை விட்டான்னா ரெண்டாவது கேள்வில. அது ரெண்டு பகுதிலயும் சொல்ற விஷயத்துல உள்ள வித்தியாசத்தையோ ஒற்றுமையையோ சுருக்கி எழுதறது. அவன் ஒன்றரை பக்கம் எழுதி 8-க்கு 2 வாங்கிட்டு வந்தான், பாத்தா முழுக்க உவமை, அடைமொழின்னு மொழி நயம் எழுதி வச்சிருக்கான். அந்தக் கேள்வில மொழி நயத்துக்கு ஒரு மார்க் கூட கிடையாதுமா, அது மூணாவது கேள்விக்கு உள்ளது. மூணாவதுல ஒரே ஒரு பகுதியைப் பத்தி மட்டும்தான் கேப்பாங்க, அங்க போய் ரெண்டையும் ஒப்பிட்டா அதுவும் வேஸ்ட். நல்லா எழுதத் தெரிஞ்ச பிள்ளைங்களே இப்படி இடம் மாத்தி எழுதி மார்க்கை விட்டுடறாங்க, எனக்கு இன்னைக்கும் அதை நினைச்சா மனசு ஆறல. அதனால எந்த பகுதி, எத்தனாவது வரில இருந்து எத்தனாவது வரி வரைக்கும்னு கேள்வில போட்டிருப்பாங்க, அதைப் பேனாவால பெட்டி கட்டிட்டுத்தான் பதில் எழுத ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

ரெண்டாவது கேள்விக்கு ஒரு உதாரணம். ஒரு பகுதில இந்தக் காலத்து ஆள் ரயில்ல வைஃபை வரலன்னு புலம்புறார், இன்னொண்ணுல 1840 வாக்குல ஒருத்தர் மூணாம் வகுப்புல கூரையே இல்லாத பெட்டில மழைல நனைஞ்சுக்கிட்டு போறார்னு வச்சுக்கோங்க. "முதல் ஆளுக்கு வைஃபை இல்ல, ரெண்டாவது ஆளுக்கு கூரை இல்ல"ன்னு எழுதினா கீழ் மார்க்தான். "முதல் ஆளுக்கு அடிப்படை வசதியெல்லாம் கிடைச்சாச்சு, அதுக்கு மேல உள்ளதை உரிமையா எதிர்பாக்குறார், ரெண்டாவது ஆள் காலத்துல ஏழைப் பயணியோட உடம்பையே ரயில்காரங்க ஒரு பொருட்டா நினைக்கல"ன்னு ஒரு படி உள்ள போகணும். (1844-ல சட்டம் போட்டுத்தான் மூணாம் வகுப்புக்கும் மழை, வெயில் படாம மறைப்பு வந்துச்சு, மைலுக்கு 1 பென்னி கட்டணம்னும் வச்சாங்க. இது தெரிஞ்சா படிக்கும்போது சட்டுன்னு புரியும், ஆனா பதில்ல எழுதினா மார்க் கிடையாது, சரித்திரப் பின்னணிக்கு மார்க் லிட்ரேச்சர் பேப்பர்ல தான்.)

இப்ப மூணாவது கேள்வி. ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள கூட்டம் "ஸ்வார்ம்" ஆச்சுன்னு ஒரு வரி வந்துச்சு. என் பையன் எழுதினது, இது ஒரு வினைச்சொல், வாசகரை மேல படிக்கத் தூண்டுது. எல்லாப் பிள்ளைங்களும் எழுதற வரி இது, எந்த வார்த்தைக்கு வேணா ஒட்டலாம், அதனாலயே அதுக்கு மதிப்பு இல்ல. அன்னைக்கு ராத்திரி தோசை ஊத்திக்கிட்டே தமிழ்ல கேட்டேன், ஸ்வார்ம்னா என்னடா? ஈ மொய்க்கிற மாதிரிம்மா. ஈ மொய்ச்சா உனக்கு எப்படி இருக்கும்? அருவருப்பா இருக்கும். அப்ப எழுதுன ஆள் அந்த ஜனங்களை எப்படி பாக்குறாரு? கொஞ்ச நேரம் தட்டையே பாத்துட்டு சொன்னான், தனித்தனி மனுஷங்களாவே பாக்கலம்மா, மொத்தமா பூச்சி மாதிரி பாக்குறாரு, தன்னை அவங்கள்ல ஒருத்தரா நினைக்கவே இல்லன்னு. இதைத்தாண்டா இங்கிலீஷ்ல எழுதுன்னேன். அடுத்த தடவை 12-க்கு 8.

அதனால தமிழ்ல யோசிக்கிறான்னு கவலைப்படாதீங்க, யோசிக்கட்டும். பரீட்சைல டிக்ஷனரி அனுமதி கிடையாது, ஆனா மண்டைக்குள்ள இருக்குற தமிழை யாரும் வெளில வச்சுட்டு வரச் சொல்ல முடியாது.

நாலாவது கேள்விதான் பெருசு, ரெண்டு பேரோட பார்வையையும் அதை எப்படி சொல்றாங்கங்கிறதையும் ஒப்பிடணும். நிஜ விஷயத்தைப் பத்தின கட்டுரைன்னா அதுல தகவல் மட்டும்தான் இருக்கும்னு நம்ம பிள்ளைங்க நினைக்குதுங்க, அதான் சிக்கலே. எழுதுன ஆளுக்கு ஒரு கோபமோ பயமோ பெருமையோ இருக்கும். முதல் பத்திலயும் கடைசி பத்திலயும் அந்த ஆளோட மனசு ஒண்ணாவே இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பயந்துகிட்டே ஏறினவர் இறங்கும்போது அசந்து போயிருப்பார், அந்த மாற்றத்தை எழுதினாலே பதில் கனமாயிடும்.

பழைய இங்கிலீஷுக்கு பயிற்சி வேணும், வாக்கியம் ஏழெட்டு வரி ஓடும். யாரு, என்ன பண்ணாங்கன்னு மட்டும் முதல்ல கண்டுபிடிச்சா போதும். தெரிஞ்ச வார்த்தையே ஏமாத்தும், "வான்ட்"னா அப்பல்லாம் இல்லாமைன்னும் அர்த்தம், சாப்பாடு வேணும்னு ஆசைப்பட்டாங்கன்னு என் பையன் எழுதிட்டு வந்தான், அங்க சொன்னது பட்டினி.

நேரம், படிக்க 15 நிமிஷம், நாலு கேள்விக்கு 45, எழுதறதுக்கு 45. 4 மார்க் கேள்விக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்காரக் கூடாது.

டியூஷன் இப்ப வேண்டாம்மா, பரீட்சை இயர் 11 கடைசில மே, ஜூன்ல தான, காலம் இருக்கு. கிரேடு 4 வராட்டி பதினாறு வயசுக்கு அப்புறமும் இங்கிலீஷ் தொடர்ந்து படிச்சே ஆகணும், அதனால விட்டுடவும் முடியாது. பழைய கேள்வித்தாள், மார்க் ஸ்கீம் (எப்படி எழுதினா எவ்வளவு மார்க்குங்கிற விவரம்), எக்ஸாமினர் ரிப்போர்ட் எல்லாம் ஏக்யூஏ சைட்லயே ஃப்ரீயா இருக்கு. வாரம் ஒரு கேள்வி போதும், ஒரு முழு பேப்பர் வேண்டாம். இந்த வாரம் அந்த மாக் பேப்பரை டீச்சர்கிட்ட கேட்டு வாங்கி ரெண்டாவது கேள்வியை மட்டும் எடுத்து வச்சு பாருங்க, அவனும் மொழி நயம்தான் எழுதியிருக்கானான்னு. என்ன இருந்துச்சுன்னு எனக்கு சொல்லுங்க.