சுருட்டுப் பெட்டியில் ஒரு நாவலின் பெயர்

கேள்வி: துபாயிலிருந்து வந்த மச்சினன் காலியான சுருட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தான். மூடியில் வாள்களை முக்கோணமாக வைத்து 'மான்டிகிறிஸ்டோ' என்று போட்டிருக்கிறது. அது நாவலின் பெயர் அல்லவா? சுருட்டுக்கு ஏன் வைத்தார்கள்? இது அசல் கியூபா சரக்குதானா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நாவலின் பெயரேதான். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா எழுதியது. அந்தப் பெயர் வந்த கதையை எப்போது நினைத்தாலும் முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

அம்மா மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். அத்தையும் பக்கத்து வீட்டு அக்காமாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கை இலையில், காது இலங்கை வானொலியில். நாடகம் ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. ரேடியோவில் பேட்டரி தீர்ந்த நாளில் என்னைக் கூப்பிட்டு வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாசிக்கச் சொல்வார்கள். "சத்தமா வாசிலே" என்று அத்தை அதட்டுவாள். மூன்றாம் வகுப்பில் நான் வாசிக்கப் பழகியது அப்படித்தான்.

கியூபாவின் தலைநகர் ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் இதையே ஒரு வேலையாக வைத்திருந்தார்கள். 1865-ல் தொடங்கியது. உயர்ந்த மேடையில் ஒருவர் உட்கார்ந்து காலையில் செய்தித்தாளும் அப்புறம் நாவலும் வாசிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை, சுருட்டுகிறவர்கள்தான், தங்கள் கூலியிலிருந்து. வாசிப்பு அரசியலில் கொண்டுபோய் விடும் என்று பயந்து, அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பானிய ஆட்சி அடுத்த ஆண்டே தடை போட்டது. தடை நிற்கவில்லை. இன்றும் அங்கே வாசிக்கிறார்கள்.

அந்தத் தொழிலாளிகள் திரும்பத் திரும்பக் கேட்க விரும்பிய கதைகளில் ஒன்று டூமாவின் நாவல். 1935-ல் புதிய சுருட்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது அதன் பெயரையே வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பெட்டியில் இருக்கும் வாள்களும் அந்தக் கதையை நினைவூட்டத்தான். 'ரோமியோ ஒய் ஜூலியெட்டா' என்றும் ஒரு பழைய சுருட்டு உண்டு. உப்மன், பார்ட்டகாஸ் போன்றவை முதலாளிகளின் பெயர்கள். எனக்குப் பிடித்தவை கதையிலிருந்து வந்த பெயர்கள்தான்.

இனி, அசலா என்ற கேள்வி. 1960-ல் கியூபப் புரட்சி அரசு ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. பழைய முதலாளிகள் வெளியேறினார்கள். 1962-ல் அமெரிக்கா தடை விதித்ததால் கியூபச் சுருட்டு அங்கே போக முடியவில்லை. அதே பெயர்களில் டொமினிக்கன் குடியரசிலும் சுருட்டு செய்யத் தொடங்கினார்கள். ஆகவே மான்டிகிறிஸ்டோ இரண்டு உண்டு, இரண்டும் போலி அல்ல. உங்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'எச்சோ என் கூபா' என்று சூட்டு முத்திரை இருக்க வேண்டும். கியூபாவில் செய்தது என்று பொருள். பக்கத்தில் 'தொத்தால்மென்தே ஆ மானோ', அதாவது முழுக்கக் கையால், என்றும் இருக்கலாம். அது 1989-க்குப் பிறகு வந்தது. பச்சை நிற அரசு முத்திரைச் சீட்டும் ஒட்டியிருக்கும், ஆனால் போலி செய்கிறவர்கள் அதையும் அச்சடித்துவிடுகிறார்கள். எனவே சீட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: சுருட்டு என்ற சொல்லும் வெளியிலிருந்து வந்ததா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை, நம் சொல்தான். பாயைச் சுருட்டு என்கிறோமே, அதே சொல். ஆங்கிலேயர்கள்தான் இதை நம்மிடமிருந்து வாங்கி 'செரூட்' ஆக்கிக்கொண்டார்கள்.

கியூபாவின் மிக உயர்ந்த சுருட்டான 'கோஹிபா'வின் பெயரும் இப்படித்தான். அந்தத் தீவின் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் சுருட்டிய புகையிலைக்கு வைத்திருந்த பெயர் அது. 1966-ல் காஸ்ட்ரோவுக்கும் அவர் பரிசளிக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் மட்டுமே செய்தார்கள். 1982-ல்தான் கடைக்கு வந்தது. அதைச் செய்யும் எல் லகீட்டோ ஆலையில் ஆரம்பத்தில் பெண்களைத்தான் பழக்கி உட்கார்த்தினார்கள். ஆண்களே சுருட்டி வந்த நாட்டில் அது புதிது. முக்கூடல் திண்ணையில் அது புதிதே இல்லை.