பத்து வருடம் கழித்து மகள் பிறந்திருக்கிறாள்: செல்வமகள் கணக்கா, கடனா?

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு வயது 36, கணவருக்கு 39. திண்டுக்கல்லில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கல்யாணமாகி பத்து வருடம் குழந்தை இல்லை. மதுரையில் மூன்று முறை ஐவிஎஃப் செய்தோம். மூன்றாவது தடவை நின்று, இப்போது எங்கள் மகளுக்கு நாலு மாதம்.

நான் ஒரு நூற்பாலையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், கைக்கு 27,000 வரும். பிரசவ விடுப்பு இன்னும் ஒரு மாதத்தில் முடிகிறது. கணவருக்கு விற்பனைத் துறையில் 48,000. சிகிச்சைக்காக வாங்கிய பர்சனல் லோன் 4,10,000 பாக்கி. 15% வட்டி, மாதம் 14,213, இன்னும் 36 மாதம். என் நகை 14 பவுனை 2022-ல் 3,80,000-க்கு நிதி நிறுவனத்தில் அடகு வைத்தோம், 12% வட்டி. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். கிரெடிட் கார்டில் 1,35,000 நிற்கிறது, மினிமம் மட்டும் கட்டுகிறோம். அண்ணன் 2 லட்சம் கொடுத்தார், திருப்பிக் கேட்கவில்லை.

இனிமேலாவது எல்லாம் மகளுக்குத்தான் என்று இருக்கிறோம். செல்வமகள் கணக்கில் மாதம் 10,000 போடலாமா? கணவரின் சித்தப்பா குழந்தைகள் பாலிசி ஒன்று மாதம் 8,000-க்கு எடுக்கச் சொல்கிறார். மாமியார் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டி 600 பேரைக் கூப்பிட்டுக் காதுகுத்து வைக்கச் சொல்கிறார். 4 லட்சம் ஆகும், மொய் வந்துவிடும் என்கிறார். எனக்கு வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்க ஆசை. ஆஸ்பத்திரியில் உறைநிலையில் இருக்கும் மூன்று கருக்களுக்கு வருடக் கட்டணம் 20,000 கட்டச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. சிகிச்சைச் செலவை இன்ஷூரன்ஸிலோ வரியிலோ திரும்பப் பெற வழி உண்டா?

வாசகி, திண்டுக்கல்

பதில்:

முதலில் வாழ்த்துகள். கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். வழி இல்லை. மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின்மை சிகிச்சை பொதுவான விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. சில பாலிசிகள் காத்திருப்புக் காலம் வைத்து ஓரளவு தருகின்றன, ஆனால் முடிந்துபோன சிகிச்சைக்கு அது உதவாது. வருமான வரியிலும் இதற்கென்று கழிவு கிடையாது. உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய முறையில் வரியே வராது என்பதால் அதில் இழப்பும் இல்லை. அந்தப் பணம் செலவழிந்தது செலவழிந்ததுதான். அதைப் பற்றி இனி கணக்குப் பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்டவற்றில் செல்வமகள், பாலிசி, காதுகுத்து மூன்றும் மகளுக்காக. ஆனால் மூன்றுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று பார்த்தால், இருக்கிற கடன் அப்படியே நிற்கும், புதுக்கடன் மேலே ஏறும். நெடுநாள் காத்திருந்து பிள்ளை பெற்றவர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். பத்து வருடம் செய்ய முடியாததையெல்லாம் முதல் வருடத்திலேயே செய்துவிடத் துடிப்பார்கள். உங்கள் மகளுக்கு இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் அந்த கிரெடிட் கார்டை மூடுவது. கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

கார்டில் மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் 1,35,000-க்கு வட்டி மட்டும் 4,725. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி இன்னொரு 850. மினிமம் 5% என்றால் நீங்கள் கட்டுவது 6,750. அதில் அசலில் கழிவது 1,200-க்கும் குறைவு. வருடத்துக்கு 40%-க்கு மேல் வட்டி போகிற இடத்தை அப்படியே விட்டுவிட்டு, 8 சொச்சம் சதவீதம் தரும் கணக்கில் மாதம் 10,000 போடுவதில் அர்த்தம் இல்லை.

நகைக் கடனும் அப்படித்தான். 12% வட்டிக்கு வருடம் 45,600 போகிறது. மூன்று தடவை திருப்பி வைத்ததில் சுமார் 1,37,000 வட்டி மட்டும் கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் இந்த நாலு வருடத்தில் நீங்கள் ஒன்றும் செய்யாமலே ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2022-ல் பவுன் 40,000 பக்கம் இருந்தது. இன்றைய விலை உங்களுக்கே தெரியும். நான் குறைத்தே கணக்குப் போடுகிறேன்: கடைக்காரர் கழிவெல்லாம் போக பவுனுக்கு 80,000 கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். 7 பவுனை விற்றால் 5,60,000. நகைக் கடன் 3,80,000, கார்டு 1,35,000, ஆக 5,15,000 அடைந்துவிடும். மீதி 45,000 கையில் நிற்கும், மற்ற 7 பவுன் வீட்டுக்கு வந்துவிடும். விலை அதற்கு மேல் கிடைத்தால் 5 அல்லது 6 பவுனிலேயே வேலை முடியலாம்.

அம்மா வீட்டில் போட்ட நகையை விற்பதா என்று மனசு கேட்காது. ஆனால் நாலு வருடமாக அந்த 14 பவுனும் உங்கள் கழுத்திலும் இல்லை, பீரோவிலும் இல்லை. எதை விற்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். தாலிச் செயினைத் தொட வேண்டாம். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள், அதனால் கல் இல்லாத வளையல், செயின் மாதிரியானதை விற்பதுதான் லாபம். இரண்டு கடையில் தரம் சோதித்து விலை கேளுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். மீட்கக் கையில் பணம் இல்லை என்றால், பகுதித் தொகை கட்டி ஒன்றிரண்டு நகையை மட்டும் வெளியே எடுக்க விடுவார்களா என்று அந்த நிறுவனத்தில் கேளுங்கள். சில இடங்களில் விடுகிறார்கள். அடகில் இருப்பதை மீட்டு வாங்கிக்கொள்ளும் கடைகளும் உண்டு, அவர்கள் விலையை அடித்துக் கேட்பார்கள் என்பதால் அதைக் கடைசி வழியாக வையுங்கள். இன்னொன்று, இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் லாபத்துக்கு 12.5% வரி உண்டு. உங்கள் சம்பளம் குறைவு என்பதால் லாபத்தில் ஒரு பகுதி வரிவிலக்கு வரம்புக்குள் வந்துவிடும். மிச்சத்துக்குத்தான் வரி. ஆலைக்கு வரும் ஆடிட்டரிடமே கேட்டுவிடலாம். அந்த 45,000-ல் இதற்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை அவசரத்துக்கு என்று தனிக் கணக்கில் போடுங்கள்.

பர்சனல் லோன் ஓடட்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதக் கட்டணம் இருக்கலாம், 36 மாதத்தில் தானாகவே முடியும்.

இப்போது வேலை. இந்தக் கேள்விக்கு எல்லோரும் உங்களிடம் ஏதாவது ஒரு பக்கம் சொல்லியிருப்பார்கள். இன்றைய நிலையில் லோன், மினிமம், நகை வட்டி மூன்றும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 25,000. கணவரின் 48,000-ல் பாதி அதற்கே போய்விடும், வேலையை விட்டால் மூன்றாவது மாதமே கார்டைத் தேய்க்க வேண்டிவரும். நகையை விற்றுவிட்டால் கடன் கட்டுவது 14,213 மட்டும். வாடகை, சாப்பாடு, பால் மாவு, டயப்பர், பெட்ரோல் எல்லாம் போட்டுப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் ஒரு சம்பளத்தில் ஓடும், சேமிப்பு மட்டும் இருக்காது. அதனால் என் பதில்: விடலாம், ஆனால் கார்டும் நகைக் கடனும் முடிந்த பிறகு. பத்து வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளையோடு ஒரு வருடம் இருப்பதைப் பணத்தை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ராஜினாமா கொடுக்கும் முன் ஆலையில் இரண்டு கேள்வி கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, நிஜமாகவே நடக்கிறதா என்று நேரில் பாருங்கள். 26 வார விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிர்வாகத்தோடு பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கணக்கு வேலை அதற்குத் தோதானது. இரண்டும் நடக்காவிட்டால், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரிந்தவருக்கு திண்டுக்கல் கடைத்தெருவில் நாலைந்து கடைக் கணக்கு கிடைக்காமல் போகாது. வீட்டிலிருந்தே மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் வந்தாலும் நிலைமை வேறு.

செல்வமகள் கணக்கை இந்த மாதமே தபால் நிலையத்தில் தொடங்குங்கள், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆனால் 250 ரூபாய் போட்டுத் தொடங்கினால் போதும். வருடத்துக்குக் குறைந்தபட்சம் அவ்வளவுதான். 2024 ஜனவரியில் வட்டியை 8.2% ஆக்கினார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும், மாறலாம். 15 வருடம் பணம் கட்டலாம், தொடங்கிய நாளிலிருந்து 21 வருடத்தில் முதிர்வு. கணக்கு இருக்கட்டும். பர்சனல் லோன் முடிகிற மாதத்திலிருந்து அந்த 14,213-ல் 12,500-ஐ இதில் திருப்பிவிடுங்கள். வருட உச்சவரம்பு 1,50,000 சரியாக நிரம்பும். அப்போது பாப்பாவுக்கு மூன்றரை வயதுகூட ஆகியிருக்காது, நேரம் நிறைய இருக்கிறது.

குழந்தைகள் பாலிசி வேண்டாம். சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை என்றால் என் பேரைச் சொல்லுங்கள். சேமிப்பும் காப்பீடும் கலந்த இந்த மாதிரி பாலிசிகளில் கிடைப்பது பெரும்பாலும் 5, 6 சதவீதம். நடுவில் கட்ட முடியாமல் நிறுத்தினால் போட்டதில் ஒரு பகுதி போய்விடும். காப்பீடு எடுக்க வேண்டியது சம்பாதிக்கிற அப்பாவின் பேரில். கணவருக்கு 60 வயது வரை ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, எடுங்கள். புகை, மது, சர்க்கரை, பிரஷர் எதையும் விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். ஆரோக்கியமாக இருந்தால் பிரீமியம் வருடத்துக்கு 20,000 ரூபாயை ஒட்டி வரும், சித்தப்பா சொல்லும் பாலிசியின் மூன்று மாதத் தவணைகூட இல்லை. எடுக்கும்போதே 1874-ம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்று குறிக்கச் சொல்லுங்கள். பிற்பாடு சேர்க்க முடியாது. அப்படிச் செய்தால் அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைக்குமே, கணவரின் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. கடன் உள்ள வீட்டுக்கு இது மிக முக்கியம், ஆனால் ஏஜென்ட்கள் இதைச் சொல்வதே இல்லை.

மருத்துவக் காப்பீட்டில், கணவரின் கம்பெனி குரூப் பாலிசியில் பாப்பா பெயர் சேர்த்தாயிற்றா என்று நாளைக்கே கேளுங்கள். இதற்குக் காலக்கெடு வைத்திருப்பார்கள். வேலை போனால் அந்தப் பாலிசியும் போகும் என்பதால், கார்டு முடிந்ததும் மூவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்குத் தனியாக ஒன்று எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. தடுப்பூசி விஷயத்தில், தேசிய அட்டவணையில் உள்ளவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கூடுதலாக எது தேவை என்று மருத்துவர் சொல்வதை மட்டும் தனியாரில் போட்டுக்கொள்ளலாம்.

காதுகுத்துக்கு வருவோம். மொய் வந்துவிடும் என்று மாமியார் சொல்வது பொய்யில்லை. பத்து வருடமாக எல்லார் வீட்டு விசேஷத்திலும் செய்திருக்கிறீர்கள், அது நோட்டில் இருக்கும். ஆனால் நீங்கள் யாருக்குச் செய்தீர்களோ அவர்கள் எல்லோரும் வருவார்கள் என்பது நிச்சயம் இல்லை, பந்திச் செலவு மட்டும் நிச்சயம். புதிதாக வருகிற ஒவ்வொரு மொய்யும் கூட்டி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வேண்டுதல் இருந்தால் உடனே நிறைவேற்றுங்கள். பழனியில் மொட்டையோ, சமயபுரத்தில் கரும்புத் தொட்டிலோ, ஐந்தாயிரம் பத்தாயிரத்தில் முடியும். சாமிக்கு நேர்ந்தது அதைத்தானே, 600 பேருக்குக் கறிச்சோறு என்று யாரும் நேர்ந்துகொண்டிருக்க மாட்டீர்கள். காதுகுத்தை மூன்றாவது வயதில் வைப்பதும் வழக்கத்தில் உள்ளதுதான், லோனும் அதையொட்டி முடிகிறது. மாமியாரிடம் இதைக் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

இதில் உங்கள் அண்ணனையும் நினைத்துப் பாருங்கள். விசேஷம் என்றால் தாய்மாமன் சீர் அவர் தலையில். 2 லட்சத்தைத் திருப்பிக் கேட்காதவர், சீர் செய்யக் கடன் வாங்கத்தான் செய்வார். மாதம் 3,000 என்று அவருக்குத் தனியாகக் கொடுக்கத் தொடங்குங்கள். வேண்டாம் என்பார், விடாதீர்கள்.

உறைய வைத்த கருக்களை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதில் பணம் பாதிதான். சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். அடுத்த குழந்தை வேண்டும் என்றால், இருக்கும் கருவைக் கருப்பையில் வைப்பது, ஐவிஎஃப் சிகிச்சையை முதலிலிருந்து புதிதாகச் செய்வதைவிட வெகு குறைவான செலவு. முட்டை எடுப்பதும் அதற்கான ஊசிகளும் திரும்ப வேண்டாம். நாலு மாதக் கைக்குழந்தையோடு, தூக்கம் இல்லாத நேரத்தில் இதை முடிவு செய்யாதீர்கள். இந்த வருடத்துக்கு 20,000 கட்டிவிடுங்கள். இத்தனை சிக்கனம் சொல்லிவிட்டு இதைக் கட்டச் சொல்கிறேனே என்று தோன்றலாம். நகை விற்றபின் கார்டு மினிமமும் நகை வட்டியும் நிற்கும், இரண்டே மாதத்தில் அதில் மிச்சமாவதே இந்தத் தொகையைத் தாண்டிவிடும். அடுத்த மெசேஜ் வருவதற்குள் இருவரும் பேசி முடிவெடுங்கள். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவானால் எழுத்தில் கொடுத்து, பதில் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கட்டணம் வருடா வருடம் ஏறிக்கொண்டே இருக்கும்.

நகைக் கடன் அடுத்து திருப்பி வைக்கும் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன்பே விற்கும் வேலையை முடித்துவிடுங்கள். இன்னொரு 45,600 கட்ட வேண்டாம்.