நவோனாவில் துடுப்பு பிடித்த கங்கை

கேள்வி: அம்மா, என் மகன் மிலானில் மேற்படிப்பு படிக்கிறான். மே மாதம் அவனைப் பார்க்கப் போகும்போது ரோமில் இரண்டு நாள் தங்குகிறோம். அங்கே பியாத்சா நவோனா என்ற சதுக்கத்தில் ஒரு நீரூற்றில் கங்கைக்குச் சிலை இருக்கிறது என்கிறான். நம் கங்கை அங்கே எப்படிப் போனாள்? இருக்கும் இரண்டு நாளில் அதற்கும் நேரம் ஒதுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரு விடியற்காலையை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. நான் முதல் தடவை பகல் பதினோரு மணிக்குப் போனேன். கூட்டத்தில் சிலைகளின் தலை மட்டும்தான் தெரிந்தது. மனசு கேட்காமல் மறுநாள் காலை ஆறரைக்குத் திரும்பப் போனேன். சதுக்கத்துக்குள் நுழைந்ததுமே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அங்கே என்னைத் தவிர, தெரு கூட்டுகிறவர் ஒருவர்தான்.

அதன் பெயர் நான்கு நதிகளின் ஊற்று. பத்தாம் இன்னசென்ட் போப்பாண்டவருக்காகச் சிற்பி பெர்னினி வடிவமைத்தது. 1651 ஜூனில் திறந்தார்கள். அன்றைக்கு ஐரோப்பியர் அறிந்த நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகள்: ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு லா பிளாட்டா, ஆசியாவுக்கு நம் கங்கை.

நான் மகரத்தின் மேல் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணைத் தேடினேன். ஒரு சுற்று வந்தும் காணவில்லை. நீளமான துடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிற தாடிக்கார ஆண்தான் கங்கை என்று புரிந்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. கங்காதேவி என்றே சொல்லி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! ரோமானியர் வழக்கில் நதி என்றால் ஆண். அவர்கள் ஊர் டைபர் நதிக்கும் தாடி உண்டு. துடுப்பு, இந்த நதியில் வெகுதூரம் படகு போகும் என்பதற்கு அடையாளம். இந்தச் சிலையைச் செதுக்கியவர் பெர்னினியின் கீழ் வேலை பார்த்த கிளாட் பூசென். ஆசியா முழுவதற்கும் ஒரே ஒரு நதி என்றபோது அவர்கள் மனதில் கங்கை வந்ததே, அது போதும் என்று தோன்றியது. எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தேன். நால்வரில் பதற்றமே இல்லாத முகம் அதுதான்.

பிறகு கோவிலில் வருவது போல மெதுவாக வலம் வாருங்கள். நடுவில் இருக்கிற பாறையை நான்கு பக்கமும் குடைந்து, ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் தெரிகிற மாதிரி குகையாக்கியிருக்கிறார் பெர்னினி. அந்த வெற்றிடத்துக்கு மேலேதான் ஏறக்குறைய 16 மீட்டர் கல்தூண் நிற்கிறது! குனிந்து அந்தப் பொந்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து தூணைப் பாருங்கள், வயிற்றைப் பிசையும். பாறையடியில் ஒரு சிங்கம் தண்ணீர் குடிக்கிறது. காற்றில் சாயும் பனைமரமும் கல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலை நடந்தபோது ரோமில் பஞ்சம். செலவுக்காக ரொட்டிக்குப் போட்ட வரி ஜனங்களைக் கொதிக்க வைத்தது. "தூணும் ஊற்றும் வேண்டாம், ரொட்டிதான் வேண்டும், ரொட்டி, ரொட்டி" என்று பாட்டாகவே எழுதி ஒட்டினார்கள். தூணின் உச்சியில் ஒரு புறா இருக்கும், போப்பின் குடும்பச் சின்னம். அதை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அந்த ரொட்டிப் பாட்டுதான் நினைவில் ஓடியது.

கேள்வி: எதிரே உள்ள தேவாலயத்தைக் கட்டிய பொரோமினி மேல் பொறாமைப்பட்டு, அதைப் பார்க்கச் சகிக்காமல் நைல் முகத்தை மூடுவதாகப் பெர்னினி செதுக்கினாராமே?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. ஊற்று 1651-ல் முடிந்துவிட்டது. சான்ட் அக்னேசே தேவாலய வேலை தொடங்கியதே அடுத்த ஆண்டுதான். பொரோமினி 1653-ல் பொறுப்பேற்றார். நைல் எங்கே பிறக்கிறது என்று அப்போது ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது, அதனால்தான் முகத்தில் துணி. எனக்கு அந்தப் பொறாமைக் கதையைவிட இந்தக் காரணம்தான் பிடித்திருக்கிறது.

கேள்வி: தண்ணீரில் கால் நனைக்கலாமா? காசு போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இறங்கினால் அபராதம். காசு போடுகிற வழக்கம் ரோமின் இன்னொரு ஊற்றான திரேவியில்தான். கி.மு. 19-ல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த விர்கோ கால்வாயின் பெயரைத் தாங்கிய நீர்தான் இரண்டு ஊற்றுகளுக்கும். தாகம் எடுத்தால் தெருவோர இரும்புக் குழாய்களில் குடியுங்கள், நல்ல தண்ணீர், இலவசம். தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து 64-ஆம் எண் பஸ் ஏறி கோர்சோ வித்தோரியோவில் இறங்கினால் சில நிமிட நடை.

திரும்பும்போது சதுக்கத்தின் வடக்கு முனை வழியாக வெளியே வாருங்கள். தெருமட்டத்துக்குக் கீழே பழைய கல் வளைவுகள் தெரியும். முதலாம் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசன் கட்டிய ஓட்டப்பந்தய மைதானம் அது. சதுக்கம் நீளவாக்கில் இருப்பது அதனால்தான். கங்கைக்கு மேலே நிற்கிற தூணில் செதுக்கிய எகிப்திய எழுத்துகளில் இருப்பதும் அதே டொமிஷியன் பெயர்தான். ஊருக்கு வெளியே ஒரு பழைய பந்தய மைதானத்தில் உடைந்து கிடந்த தூணை எடுத்து ஒட்டி, அவன் மைதானத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.