மாரி வந்தால் கட்டிபடும் தூள் - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கறித்தூள், குரக்கன் மா, சத்துமா மூன்றையும் வீட்டில் செய்து பக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. மாரி தொடங்கினால் கட்டிபட்டுத் திரும்பி வருகிறது. எந்தத் தூள் எவ்வளவு ஈரம் பிடிக்கும் என்று வீட்டிலேயே அளக்கலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தாராளமாக அளக்கலாம். ஆய்வுகூடத்தில் இதற்கென்றே இயந்திரம் இருக்கிறது, காற்றின் ஈரப்பதனைப் படிப்படியாக ஏற்றி ஏற்றித் தூளின் நிறையைத் தானே குறித்துக்கொள்ளும். உங்களுக்கு அது வேண்டாம். இறுக மூடும் ஜாம் போத்தல்கள், உப்பு, 0.01 கிராம் வரை காட்டும் ஒரு டிஜிட்டல் தராசு போதும்.

போத்தலின் அடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். கரையாத உப்பு அடியில் கிடக்க வேண்டும், அதுதான் முக்கியம், ஏனென்றால் அது இருக்கும்வரை மூடிய போத்தலுக்குள் சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்ற அளவு) 75 வீதத்திலேயே நிற்கும், நம்மூர் வெயிலுக்கும் மழைக்கும் பெரிதாக அசையாது. கடையில் வாங்கும் சுத்திகரித்த தூளுப்பையே எடுங்கள். உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அளவு கொஞ்சம் இறங்கிவிடும். இதே முறையில் மக்னீசியம் குளோரைட்டு 33 வீதத்தைத் தரும், மக்னீசியம் நைத்திரேற்று சுமார் 53, பொட்டாசியம் குளோரைட்டு 84. இவற்றை இரசாயனப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். வயலுக்குப் போடும் பொட்டாஷ் பசளையை எடுத்துவிடாதீர்கள், அதில் வேறு உப்புகளும் கலந்திருக்கும்.

இனி ஒரு சின்னத் தகரத் தட்டில் 5 கிராம் தூளை மெல்லியதாகப் பரப்பி, உப்புச் சேறு படாதபடி உயரமாக வைத்து மூடிவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருக்கால் சட்டென்று எடுத்து நிறுங்கள். அடுத்தடுத்த இரண்டு நிறை ஒன்றாக வந்தால் அந்தத் தூள் அந்த ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது. 5 கிராமில் உலர் நிறை 4.60 என்றும், 75 வீதப் போத்தலில் கடைசியாக 5.28 வந்தது என்றும் வையுங்கள். தண்ணீர் 0.68 கிராம், அதாவது உலர் நிறையில் 14.8 வீதம். உலர் நிறை அறிய, இன்னொரு பங்கை 105 பாகை செல்சியசில் நிறை மாறாத வரை காயவைக்க வேண்டும். கறித்தூளுக்கு இது சரிவராது: மணம் தரும் எண்ணெயும் சேர்ந்து பறந்துவிடும், தண்ணீர்க் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாக வரும். மாவுக்குத்தான் இது பொருந்தும்.

எல்லாப் பங்கையும் உலர்ந்த நிலையிலிருந்தே தொடங்குங்கள். ஒருமுறை நனைந்து பிறகு காய்ந்த மா, அதே ஈரப்பதனில் கூடுதல் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், ஆகவே கலந்து வைத்தால் கணக்குக் குழம்பும். ஒவ்வொரு போத்தலிலும் வந்த தண்ணீர் வீதத்தை அந்தப் போத்தலின் ஈரப்பதனுக்கு எதிரே வரைபடமாகக் கீறிப் பாருங்கள். குரக்கன் மா மெதுவாக ஏறி, 75-க்கு மேலே விரைவாக நிமிரும். சீனி சேர்த்த சத்துமாவின் கோடு வேறு மாதிரி வளையும். உப்பு ஏற்கெனவே கலந்த கறித்தூளோ 75 தாண்டியதும் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும், ஏனென்றால் அந்த உப்பே அங்கே கரைகிறது! இந்த மூன்றில் எது மாரியில் முதலில் திரும்பி வருகிறது என்று எழுதுங்கள், உப்புப் போட்டதுதான் என்று என் ஊகம். உப்பைச் சேர்க்காமல் விற்றுப் பாருங்களேன்.

அப்புறம், 75, 84 போத்தல்களில் நாள் செல்லச் செல்லப் பூஞ்சணம் பிடிக்கலாம். பிடித்தால் அந்த நிறையை எடுக்காதீர்கள், தூளையும் வீசிவிடுங்கள். 60 வீதத்துக்குக் கீழே வைத்தால் பூஞ்சணம் வளராது.

கேள்வி: கடையில் வாங்கிய ஈரப்பதன்மானி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மேலே சொன்ன உப்புப் போத்தலுக்குள், சேறு படாமல், ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், அந்த அளவுக்குக் கிட்டிய வாசிப்புகளோடு 5-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 33 வீதப் போத்தலிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், சில மலிவு மானிகள் ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் பிழையாகவும் காட்டும்.