சோறு போட்டார், அணைக்கவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. அம்மா என்னை அடித்ததில்லை. சோறு, துணி, படிப்பு எதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் ஒருநாளும் அணைத்ததில்லை. அழுதால் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது என் 6 வயது மகள் அழும்போது எனக்குக் கை எழவில்லை. ‘ஏன் அப்படி இருந்தாய்?’ என்று அம்மாவிடம் கேட்டுவிட்டால் மனம் ஆறுமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஆறும் என்று நம்பிக் கேட்காதீர்கள். ‘உனக்கு என்ன குறை வைத்தேன்?’ என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். அது பொய்யும் அல்ல. அவர் கணக்கில் சோறும் ஃபீஸும்தான் பாசம்.

‘பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்று சொல்லிவைத்த ஊர் இது. பெத்த மனமே இறுகிப்போன பிள்ளை அந்தப் பழமொழியில் எங்கே நிற்பது? ‘பெயர் வேண்டாம்’ என்று நீங்கள் எழுத வேண்டி வந்தது அதனால்தான்.

1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியால் ஒரு பொம்மைத் தாய், துணியால் ஒரு பொம்மைத் தாய் என இரண்டை வைத்தார். பால்புட்டி கம்பியில் இருந்தபோதும், குட்டிகள் குடித்துவிட்டுத் துணியிடமே ஓடின. பசி தீர்ந்தும் உங்களுக்கு ஏதோ தீராமல் இருந்ததே, அதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. பிறந்து ஆறு மாதம் தனியே அடைக்கப்பட்ட குட்டிகள் (கொடுமையான சோதனைதான், சந்தேகமில்லை) வெளியே வந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. 1970களின் தொடக்கத்தில் ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் அவற்றோடு மூன்று மாதக் குட்டிகளை விட்டார்கள். அந்தச் சின்னக் குட்டிகள் போய் ஒட்டிக்கொண்டன; ஒடுங்கியவை விலகினாலும் திரும்ப வந்தன. சில மாதங்களில் ஒடுங்கியவை விளையாடத் தொடங்கின. தாய் வந்து சரிசெய்யவில்லை.

அதற்காக மகளை மருந்தாக்கிவிடாதீர்கள். உங்கள் சுமையைத் தூக்குவது 6 வயதுப் பிள்ளையின் வேலை இல்லை. அதைக் கணவரிடமோ, தோழியிடமோ, மனநல ஆலோசகரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. புலம்பத்தானா என்று நினைக்க வேண்டாம். 1980களில் மேரி மெய்ன் என்ற ஆய்வாளர் பெற்றோர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றி நீண்ட நேர்காணல் எடுத்தார். பட்டது என்ன என்பதைவிட, அதை மழுப்பாமலும் அதிலேயே மூழ்காமலும் கோவையாகச் சொல்ல முடிகிறதா என்பதே அவர்கள் பிள்ளைகள் அவர்களிடம் எவ்வளவு நம்பி ஒட்டிக்கொண்டார்கள் என்பதோடு ஒத்துப்போனது. அந்தக் கோவை ஒரே நாளில் வராது. பலமுறை சொல்லித்தான் வரும்.

அம்மாவை மன்னிப்பதா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு அவசரம் இல்லை. அவசரம் மகளுக்குத்தான். அடுத்தமுறை அவள் அழும்போது கை எழாவிட்டால் பரவாயில்லை. பக்கத்தில் போய்த் தரையில் உட்காருங்கள். அவளாக மடியில் ஏறினால் இறக்கிவிடாதீர்கள். இப்போதைக்கு அவ்வளவு போதும்.